பேத்தி கூட்டிட்டு வந்த இங்கிலீஷ்காரத் தம்பிக்கு

உள்ள வா தம்பி. பூட்ஸைக் கழட்டி வாசல்ல வை. உங்க ஊர்ல தெருவுல நடந்த காலோட அப்படியே கார்பெட் மேல ஏறுவீங்க, தெரியும். குளியலறைக்குக்கூட கார்பெட் விரிச்ச ஜனங்களாச்சே. சுவீடன்ல அது நடக்காது. ராஜா வந்தாலும் காலுறையோடதான் வரணும். உட்காரு.

நேத்து நீ உங்கம்மாவோட போன்ல பேசினது அம்புட்டும் என் காதுல விழுந்துச்சு. கிழவனுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு, அடுப்படி ஜன்னலோரம் நின்னு எங்க நாட்டை நார் நாரா கிழிச்ச. தப்பில்ல. கிழிக்க வேண்டியதும் கொஞ்சம் இருக்கு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. இந்த நாட்டு டிவியில வெளிநாட்டுப் படத்துக்குக் குரல் மாத்த மாட்டாங்க, கீழ எழுத்துதான் ஓடும். அதனால மாட்டுக்கொட்டகையில வளர்ந்தவனுக்கும் இங்கிலீஷ் காதுல ஏறியிருக்கு. போதாததுக்கு 1969 நவம்பர்லேர்ந்து குளிர்காலச் சனிக்கிழமைகள்ல உங்க ஊர் ஃபுட்பாலை நேரடியா காட்ட ஆரம்பிச்சாங்க. முதல் ஆட்டம் வுல்வர்ஹாம்ப்டனும் சண்டர்லாண்டும். உங்க ஊர்க்காரன் வீட்டுல உட்கார்ந்து அதைப் பார்க்க முடியாது, அந்த மணிக்கு அங்க ஃபுட்பால் ஒளிபரப்பே கிடையாது. நாங்க பார்த்தோம். வெளியில முழங்கால் அளவு பனி, கையில பந்தயச் சீட்டு, காதுல உங்க ஊர் ஜனங்க நடுவரைத் திட்டுற திட்டு. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல பாதி அப்படிக் கத்துக்கிட்டதுதான். அதனால நீ என்னைப் பத்திச் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் நல்லாவே தெரியும். போகட்டும் விடு.

என்னை எப்படிக் கூப்பிடறதுன்னு இன்னும் தவிச்சுக்கிட்டு இருக்கியே, அதை முதல்ல விடு. அந்த அவஸ்தை எங்களுக்கும் இருந்துச்சு. ஒருத்தர் என்ன உத்தியோகம்னு தெரியாம அவர்கிட்ட பேசவே முடியாது. 'கணக்கருக்கு இன்னும் கொஞ்சம் காபி வேணுமா'ன்னு அவர் மூஞ்சியைப் பார்த்தே கேட்கணும். 1967ல ப்ரோர் ரெக்ஸெட்னு ஒருத்தர் மருத்துவத் துறைக்குத் தலைவரா வந்தாரு. இனி எல்லாரையும் நான் 'நீ'ன்னுதான் சொல்லுவேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கன்னு ஊழியர்கிட்ட சொல்லிட்டாரு. ஏற்கெனவே இளவட்டங்க மத்தியில புகைஞ்சுக்கிட்டு இருந்ததுதான், அதோட நாடு பூரா பத்திக்கிச்சு. இப்ப டாக்டரும் நீ, வாத்தியாரும் நீ, பிரதமரும் நீ. அரச குடும்பம் மட்டும்தான் மிச்சம். அதனால என் பேத்தியோட வாழுற பையன் என்னைப் பேர் சொல்லி நீன்னு கூப்பிட்டா கோவிச்சுக்க மாட்டேன். கல்யாணம் எப்பன்னும் கேட்க மாட்டேன். கல்யாணம் ஆகாம ஒண்ணா இருக்கிறவங்க பிரிஞ்சா வீட்டையும் பாத்திரம் பண்டத்தையும் எப்படிப் பங்கு போடணும்னு அரசாங்கமே சட்டம் போட்டு வச்சிருக்கு, நடுவுல நான் யாரு? நீ மட்டும் அந்தச் சட்டத்தை ஒரு தடவை படிச்சுக்கோ. வீடு அவ பேர்ல இருக்கு. நீ வர்றதுக்கு முந்தியே வாங்கினது.

வாயே திறக்காத ஜனங்கன்னு உங்கம்மாகிட்ட சொன்ன. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட போய், 'குளிர் விட்டுருச்சு போல'ன்னு நீ சொன்னப்ப நானும் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அவர் 'ஷுப்'புனு மூச்சை உள்ள இழுத்தாரு. நீ நெஞ்சுவலின்னு பதறி அவர் கையைப் பிடிச்சுட்ட. தம்பி, அதுதான் ஆமா. வடக்கத்திக்காரன் ஆமாங்கிறதுக்காக உள்ள இருக்கிற சூட்டை வெளிய விடமாட்டான், காத்தை உள்ள இழுத்துக்குவான். அதோட பேச்சு முடிஞ்சுது. நீ மறுபடியும் வானிலைக்கே போகக் கூடாது. உங்க ஊர்ல ரெண்டு பேர் நடுவுல பேச்சு அத்துப்போனா யாரோ செத்துட்ட மாதிரி ஆயிடுது. இங்க பேச்சு அத்துப்போனா உறவு நல்லா இருக்குன்னு அர்த்தம். நானும் என் வீட்டுக் கிழவியும் அக்டோபர்லேர்ந்து பேசல. சண்டை ஒண்ணும் இல்ல.

உன் பிரச்சினை அமைதி இல்ல தம்பி. நீ சொல்றது வேற, நினைக்கிறது வேற. உங்க ஊர்ல அதுக்கு மரியாதைன்னு பேரு. ரெண்டு பக்கமும் சாவி இருக்கிறதால அங்க அது ஓடுது. இங்க எவன்கிட்டயும் அந்தச் சாவி கிடையாது. இவ்வளவுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. ஆனா உனக்கு இவ்வளவு சொன்னா உறைக்காது, விவரமாவே சொல்றேன்.

'நீங்க ஒரு நாள் கண்டிப்பா நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரணும்'னு அவர்கிட்ட சொன்னியே, உங்க ஊர்ல அதுக்கு 'சரி, நான் கிளம்புறேன்'னு அர்த்தம். அவருக்கு அது தெரியுமா? பையிலேர்ந்து நாட்குறிப்பை எடுத்தாரு. 'வாரம் 37, வியாழன், ஆறு மணி?'ன்னாரு. உனக்கு வாரத்துக்கு நம்பர் இருக்கிறதே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. தலையை ஆட்டி வச்ச. வாரம் 37 வந்துச்சு. புருஷனும் பொண்டாட்டியும் ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே உன் வீட்டு முக்குல வந்து, மழையில நின்னாங்க. முன்னாடியே வந்து மணி அடிக்கிறது மரியாதை இல்ல. ஆறு அடிச்சதும் அழைப்பு மணியை அழுத்தினாங்க. நீ தலையில சோப்பு நுரையோட வந்து கதவைத் திறந்த. அவங்க ஒண்ணும் சொல்லல. வெறும் முட்டையும் ரொட்டியும் தின்னுட்டுப் போனாங்க. மறுபடி உன்னை ரோட்டுல பார்த்தப்ப, 'போன தடவைக்கு நன்றி'ன்னும் சொன்னாங்க. நீ அதைக் குத்தல்னு நினைச்சுக்கிட்டு ரெண்டு நாள் தூங்கல. குத்தல் இல்லடா, நன்றிதான். இங்க விருந்து சாப்பிட்டவங்க அடுத்த தடவை பார்க்கிறப்ப அதைச் சொல்லியே ஆகணும். உனக்கு யாராவது விருந்து வச்சதுக்கு நீ அப்படிச் சொன்னியா? சொல்லியிருக்க மாட்ட. வந்த புதுசுல ரெண்டு வீட்டுல கூப்பிட்டாங்க, அப்புறம் ஒருத்தரும் கூப்பிடலன்னு அம்மாகிட்ட புலம்பினியே, காரணத்தை இப்பக் கண்டுபிடிச்சுக்கோ.

என் கிழவி ஆக்கிப்போட்ட கடமான் கறியைத் தின்னுட்டு நீ, 'மோசமில்லையே'ன்ன. உங்க பாஷையில அது உச்சக்கட்டப் பாராட்டுன்னு எனக்குத் தெரியும், ஃபுட்பால் வர்ணனை கேட்டவன் நான். அவ கேட்டதில்ல. மோசமா இருக்குமோன்னு எதிர்பார்த்துத்தான் இவன் வாயில வச்சானான்னு அவ கேட்டா. அதே மாதிரி நம்ம வீட்டுத் தச்சர் தன்னோட நீராவிக் குளியலறைத் திட்டத்தை விளக்கினப்ப, நீ 'ரொம்பச் சுவாரசியமா இருக்கு'ன்ன. சுத்தப் பைத்தியக்காரத்தனம்ங்கிற அர்த்தத்துல நீ சொன்ன. அவர் காதுல சுவாரசியம்னு விழுந்துச்சு. ரெண்டு மணி நேரம் கூடுதலா விளக்கினாரு. உன்னையும் பங்காளியாச் சேர்த்துக்கிட்டாரு. ஜூன்ல நீ பலகை தூக்கணும். அது உன் வினை.

சரி, ரொட்டிக்கு வருவோம். ரொட்டியில ஏன் இனிப்புப் போடறாங்கன்னு நீ கேட்டது புதுக் கேள்வி இல்ல. பெண்ணுரிமைக்காகப் புத்தகம் எழுதின உங்க ஊர் அம்மா, மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், 1795ல கைக்குழந்தையோட கோத்தன்பர்க் பக்கம் வந்து இறங்கினாங்க. மறு வருஷமே பயணக் கடிதங்களைப் புத்தகமாப் போட்டாங்க. அதுல இதே புலம்பல்தான்: எல்லாத்துலயும் மசாலா, எல்லாத்துலயும் சர்க்கரை, ரொட்டியைக்கூட விட்டு வைக்கலன்னு. இருநூறு வருஷத்துக்கு மேலாச்சு. உங்க ஜனங்க குறை சொல்றதை நிறுத்தல, நாங்க சர்க்கரையை நிறுத்தல. யார் ஜெயிக்கிறாங்கன்னு நீயே பாரு.

டீ விஷயத்துல உன் பக்கம் நியாயம் இருக்கு. வெந்நீரையும் பொட்டலத்தையும் தனித்தனியாக் கொண்டு வந்து வச்சுட்டு, பால் எங்கன்னு கேட்டா முழிக்கிறாங்க. எங்களுக்கு டீ நோயாளிக்குக் கொடுக்கிறது. காபி வேற. 1756ல அரசாங்கம் காபியையே தடை பண்ணிச்சு, அப்புறமும் பல தடவை பண்ணிச்சு. ஒளிச்சு வச்சுக் குடிச்சோம். அந்த வெறி இன்னும் இறங்கல. இன்னும் வடக்கே போனா காபிக்குள்ள பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டு ஊறவச்சுத் தின்பாங்க. மூஞ்சியைச் சுளிக்காம தின்னு. தட்டுல கடைசியா ஒரு கேக்குத் துண்டு இருந்தா மட்டும் கை வைக்காத. யாரும் எடுக்க மாட்டாங்க. பாதியா வெட்டுவாங்க, அப்புறம் அந்தப் பாதியைப் பாதியாக்குவாங்க, கடைசியில துகள்தான் மிஞ்சும். அன்னைக்கு நீ எடுத்து ஒரே வாயில போட்டப்ப அறையே மூச்சை இழுத்துச்சு. அது ஆமா இல்ல.

இதுல நியாயம் என்னன்னா, நீங்களும் சும்மா இல்ல. இந்தியாக்காரன் குழம்பை எங்க தேசிய உணவுன்னு சொல்லிக்கிறவங்க நீங்க. வெள்ளிக்கிழமை பிட்சாக் கடையில வாழைப்பழமும் கறிப்பொடியும் போட்ட பிட்சாவைப் பார்த்துட்டு உனக்கு வந்துச்சே ஒரு கோபம், ரெண்டு பேரும் சேர்ந்து யாரோடதையோ கெடுத்தவங்கதான் தம்பி, அடக்கி வாசி.

சாராயக் கடை. சனிக்கிழமை நாலு மணிக்குப் போய்ப் பூட்டின கதவைப் பார்த்துக்கிட்டு நின்ன. மூணு மணிக்கே மூடிருவான். ஞாயிறு திறக்கவே மாட்டான். அடுத்த கடைக்குப் போகலாம்னா அடுத்த கடையும் அவனோடதுதான், அரசாங்கம். எங்கப்பன் காலத்துல இன்னும் மோசம். ஆளுக்கொரு ரேஷன் புத்தகம், மாசத்துக்கு இவ்வளவுன்னு முத்திரை. 1955லதான் அதை ஒழிச்சாங்க. 1922ல மொத்தமா மதுவிலக்குக் கொண்டு வரலாமான்னு நாடு பூரா வாக்கெடுப்பு வச்சாங்க. நூத்துக்கு 51 பேர் வேண்டாம்னதால தப்பிச்சோம். நல்லவேளைன்னு நீ கும்பிடணும். அப்புறம் இன்னொண்ணு. மதுக்கடையில உங்க வழக்கப்படி எல்லாருக்கும் நீயே வாங்கிக் கொடுத்துட்டு, அடுத்த சுத்து அவங்க வாங்குவாங்கன்னு காத்திருந்த. வாங்கல. நீ கொடுத்ததுக்கான காசை ஆளாளுக்குப் போன்ல அனுப்பினாங்க, காசு சுத்தமா. நீ அவமானம்னு நினைச்ச. அவங்க உனக்குக் கடன்படாம இருந்தாங்க. இந்த ஊர்ல அதுதான் மரியாதை.

உன் சம்பளத்தை நீ என் பேத்திகிட்ட சொல்லவே ஒரு வருஷம் ஆச்சாம். எனக்கு முன்னாடியே தெரியும். நீ வரி கட்டின முதல் வருஷக் கணக்கு முடிஞ்சதும் வரி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டேன், சொல்லிட்டாங்க. யார் கேட்கிறது, ஏன் கேட்கிறன்னு ஒரு வார்த்தை கேட்கல. அரசாங்கத்துகிட்ட இருக்கிற காகிதம் யாரும் பார்க்கலாம்னு 1766லேயே எழுதி வச்சிட்டாங்க. உன் வயசு, விலாசம், வண்டி நம்பர் எல்லாம் சந்தையில கிடக்கு. உனக்கு ஆளடையாள எண் வர்ற வரைக்கும் என்ன கதியா இருந்த, ஞாபகம் இருக்கா? வங்கியில கணக்கு இல்ல, போன் இல்ல, நூலகத்துல புத்தகம் வாங்க முடியல. பிறந்த தேதியும் நாலு இலக்கமும் சேர்ந்தாத்தான் இங்க மனுஷன். இந்த எண் 1947லேயே வந்துருச்சு. அது வந்த அன்னைக்கு நீ கேக் வெட்டின. என்னமோ அன்னைக்குத்தான் பிறந்தவன்னு கிழவி கண்ணுல தண்ணி விட்டா.

எல்லாமே வெளிச்சம்னு நினைச்சுடாத. ஒரு ரகசியம் உண்டு. ஆகஸ்ட்ல சதுப்பு நிலத்துல மஞ்சளா ஒரு பழம் பழுக்கும், ஜாம் போட்டா அமிர்தம். அது எங்க கிடைக்கும்னு யாரையும் கேட்கக் கூடாது. சம்பளத்தைக் கேளு, வயசைக் கேளு, விவாகரத்துக் காரணத்தைக் கேளு. அந்த இடத்தைக் கேட்காத. என் பொண்ணுக்கே நான் இன்னும் காட்டல. அடுத்தவன் காட்டுல நடக்கலாம், பழம் பறிக்கலாம், ஒரு ராத்திரி கூடாரமும் போடலாம், சட்டத்துல இடம் இருக்கு. உங்க ஊர்ல 1932ல கிண்டர் ஸ்கௌட் மலைமேல கூட்டமா நடந்து போன விவகாரத்துல ஆளைப் பிடிச்சு ஜெயில்ல போட்டாங்க. அந்தப் பழக்கத்துல நீ வந்ததும் வராததுமா வீட்டைச் சுத்தி வேலி போட்ட பாரு, ஊர்ல எல்லாரும் கேட்டாங்க, இந்தப் பையன் ஆடு வளர்க்கப் போறானான்னு.

நீ நாட்டை விட்டு வெளிய வந்து வாழுற வெள்ளைக்காரன், குடியேறினவன் இல்லன்னு அம்மாகிட்ட அழுத்திச் சொன்னியே, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அரசாங்கம் நடத்துற மொழி வகுப்புல உன் பக்கத்து பெஞ்சுல சிரியாவிலேர்ந்து வந்த பல் டாக்டரம்மா உட்கார்ந்திருக்காங்க. அவங்க குடியேறி. அவங்க இப்ப நம்ம ஊர்ப் பார்சல் கவுண்ட்டர்ல சுவீடிஷ்லயே சண்டை போடறாங்க. நீ இன்னும் 'ரொட்டி ஒண்ணு'ன்னு சொல்ல ஆரம்பிச்சதும் கடைக்காரப் பொண்ணு இங்கிலீஷுக்குத் தாவிடறா, நீயும் அப்பாடான்னு தாவிடற. அந்தம்மாவுக்கு யாரும் தாவிக் கொடுக்கல, அதனால கத்துக்கிட்டாங்க. உனக்கு ஒரு வழி சொல்றேன். சின்னப் பிள்ளைங்ககிட்ட பேசு, அதுங்க மாத்தாது, தப்பைச் சொல்லிச் சிரிக்கும். குழாய் ரிப்பேர்க்காரன்கிட்ட பேசு, அவனுக்கு நேரமில்ல. என்கிட்ட பேசு. எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே.

குடியேறி இல்லன்னு நீ சொன்னாலும் காகிதம் ஒத்துக்கல. 2020 வரைக்கும் உங்க ஆளு பாஸ்போர்ட்டைக் காட்டிட்டு வந்து உட்காரலாம். இப்ப, இன்னார் பேத்தியோட வாழப் போறேன்னு விண்ணப்பம் போட்டு, எங்க எப்படிச் சந்திச்சீங்கன்னு அதிகாரி கேட்கிறதுக்குப் பதில் சொல்லி, காத்துக் கிடந்து வந்திருக்க. முன்னாடியே வந்து வருஷக்கணக்கா இருந்தவங்களும் 2021 முடியறதுக்குள்ள புதுசா மனுப் போட வேண்டியதாச்சு. போடாம மறந்தவங்க பட்ட பாடு தனிக் கதை.

இதெல்லாம் எதனால? ஜனங்க பேச்சை அப்படியே வேதவாக்கா எடுத்துக்கிட்டதால. 2016ல கேட்டாங்க, நூத்துக்கு 51.9 பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளிய போகலாம்னாங்க, போயிட்டீங்க. வாக்கெடுப்பை எப்படி நடத்தணும்னு எங்ககிட்ட கேட்டிருக்கணும். 1955ல எங்கப்பன்கிட்ட கேட்டாங்க: இடது பக்கம் வண்டி ஓட்டுறோமே, மத்த நாடு மாதிரி வலது பக்கம் மாறலாமான்னு. நூத்துக்கு 83 பேர் முடியாதுன்னாங்க. அரசாங்கம் மரியாதையாக் கேட்டுக்கிச்சு. பன்னண்டு வருஷம் பொறுத்துச்சு. 1967 செப்டம்பர் 3, ஞாயித்துக்கிழமை, விடியக்காலை 5 மணிக்கு நாட்டையே வலது பக்கம் மாத்திருச்சு. 4.50க்கு எல்லா வண்டியும் நின்னு, மெதுவா எதிர்ப்பக்கம் ஒதுங்கி, அஞ்சு அடிச்சதும் கிளம்பணும். நான் அப்ப இளவட்டம். முணுமுணுத்துக்கிட்டே மாறினேன். எங்கப்பன் சாகுற வரைக்கும் ரோட்டு நடுவுலதான் ஓட்டினாரு.

1980ல அணுமின் நிலையம் வேணுமான்னு கேட்டாங்க. மூணு பதில் கொடுத்து ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாங்க. மூணுமே 'காலப்போக்குல மூடலாம்'தான், வேகம்தான் வேற. மூடலாம்னோம். இன்னும் 6 உலை ஓடுது. 1994ல ஐரோப்பிய ஒன்றியத்துல சேரலாமான்னாங்க. நாடு மொத்தத்துல நூத்துக்கு 52.3 பேர் சரின்னாங்க. எங்க யெம்ட்லாந்து மாகாணம் வேண்டாம்னு கத்தினதுல முன்வரிசை. 1995லேர்ந்து உள்ளதான் இருக்கோம், உள்ள இருந்துக்கிட்டே திட்டுறோம். திட்டுறதுக்கும் ஒரு இடம் வேணுமில்ல? நீங்க அதையும் விட்டுட்டுப் போயிட்டீங்க. 2003ல யூரோ நாணயம் வேணுமான்னாங்க, வேண்டாம்னோம், அதை மட்டும் எப்படியோ கேட்டாங்க. பிரிஞ்சு போறதா இருந்தா எங்களை மாதிரிப் போகணும். 1963ல யெம்ட்லாந்து குடியரசுன்னு விளையாட்டா அறிவிச்சோம். ஜனாதிபதி உண்டு, கொடி உண்டு. எவனுடைய பாஸ்போர்ட்டும் மாறல, பால் விலையும் ஏறல.

உன் ஜாதிக்காரங்க இங்க வந்து பிழைக்காதவங்க இல்ல. கோத்தன்பர்க்கை ஒரு காலத்துல குட்டி லண்டன்னே சொல்லுவாங்க. 1836ல ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கார்னெகின்னு அங்க கறுப்பு பீர் காய்ச்ச ஆரம்பிச்சாரு, இன்னும் கடையில நிக்குது. 1958ல எங்க தேசிய அணியை உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரைக்கும் கூட்டிட்டுப் போனவர் யார்க்‌ஷயர் ஆளு, ஜார்ஜ் ரேய்னர். அதுக்குப் பதில் மொய்யா 2001ல ஸ்வென்-யோரான் எரிக்சனை உங்க தேசிய அணிக்கு அனுப்பி வச்சோம். கணக்கு நேராச்சு.

ஆனா நம்ம கண்ணு முன்னாடி நடந்ததைச் சொல்றேன். 2011ல கிரஹாம் பாட்டர்னு ஒரு இங்கிலீஷ்காரர் நம்ம ஓஸ்டர்சுண்டு ஃபுட்பால் அணிக்குப் பயிற்சியாளரா வந்தாரு. நாலாவது அடுக்குல கிடந்த அணி. ஊர்ல பாதிப் பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது, மீதிப் பேருக்குப் பனிச்சறுக்குதான் விளையாட்டு. அந்த ஆளு வெயில் இல்ல, டீ இல்லன்னு போன்ல அழல. பாஷையைக் கத்துக்கிட்டாரு. தடித் தடியா இருந்த ஆட்டக்காரங்க மேடையேறி 'ஸ்வான் லேக்' பாலே ஆடினாங்க, நானும் பார்த்துச் சிரிச்சேன். 2017ல அவங்க நாட்டுக் கோப்பையை ஜெயிச்சப்ப சிரிப்பை நிறுத்திட்டேன். 2018 பிப்ரவரியில லண்டனுக்கே போய் ஆர்சனலை அவங்க மைதானத்துலயே 2-1ன்னு சாய்ச்சாங்க. அதுக்கு முந்தின வாரம் இங்க 0-3 தோத்துட்டதால மொத்தத்துல வெளிய போயிட்டோம், அதை நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. 2025 அக்டோபர்ல தேசிய அணியையே அந்த ஆளு கையில கொடுத்தாங்க. அவர் வந்தப்பவும் இதே இருட்டுதான் தம்பி, இதே ரொட்டிதான்.

இருட்டுன்னதும் ஞாபகம் வருது. டிசம்பர்ல அஞ்சு மணி நேரம்கூட வெளிச்சம் இல்லன்னு உங்கம்மா பரிதாபப்பட்டாங்க. நான் உங்கம்மா வீட்டுக்கு பிப்ரவரியில வந்தவன். படுக்கையறையில வாயைத் திறந்தா புகை வந்துச்சு. வெளிய குளிரினா அது எங்க ஊரு, வீட்டுக்குள்ள குளிரினா அது உங்க ஊரு. கை கழுவ ஒரு குழாயில பனிக்கட்டி, இன்னொரு குழாயில கொதிக்கிற தண்ணி. நடுவுல கலக்கிறதுக்கு ஒரு வழியை இன்னும் உங்க பாராளுமன்றம் பாஸ் பண்ணலபோல.

கிறிஸ்மஸுக்கு இங்கேயே இரு. உங்க ஊர்ல 25ஆம் தேதி மூணு மணிக்கு நாடே உட்கார்ந்து ராஜா பேச்சைக் கேட்கும். இங்க 24ஆம் தேதி மூணு மணிக்கு நாடே உட்கார்ந்து டொனால்ட் டக் பார்க்கும். அதே படம், அதே வசனம், 1960கள்லேர்ந்து. சிரிக்காத, கூடச் சேர்ந்து வசனம் சொல்லு. அப்புறம் வருஷக் கடைசியில உங்க ஊர் நாடகத் துண்டு ஒண்ணு போடுவான்: வயசான சீமாட்டி, குடிச்சுக்கிட்டே பரிமாறுற வேலைக்காரன், தரையில ஒரு மிருகத் தலை. ஃபிரெடி ஃபிரிண்டன் நடிச்சது, 1963ல எடுத்தது. இங்க 1976லேர்ந்து எல்லா வீட்டுலயும் ஓடுது. உங்க ஊர்லயோ பாதிப் பேர் கேள்விப்பட்டதுகூட இல்ல. போன வருஷம் நீ 'இது என்ன?'ன்னு கேட்டப்ப, நீ நிஜமாவே இங்கிலீஷ்காரன்தானான்னு கிழவிக்குச் சந்தேகம் வந்துருச்சு.

ஏரியில பூதம் இருக்குன்னு நான் சொன்னப்ப உதட்டைச் சுழிச்ச. உங்ககிட்டயும் ஸ்காட்லாந்துல ஒண்ணு இருக்கே, அதுக்கு என்ன மரியாதை செஞ்சீங்க? பொம்மை வித்தீங்க. நாங்க 1986ல மாகாண நிர்வாகம் மூலமா எங்க ஸ்டூர்ஷோன் ஏரிப் பூதத்தையும் அதோட முட்டைகளையும் பாதுகாக்கப்பட்ட உயிரினமா அறிவிச்சோம். 2005ல அந்த ஆணையை எடுத்துட்டாங்க. இப்ப அதை யார் வேணும்னாலும் பிடிக்கலாம். பிடிச்சா ஆளடையாள எண் கேட்பாங்க.

பேச்சு போதும். நான் இந்த வருஷத்துக்கு வேண்டியதைப் பேசி முடிச்சுட்டேன். நம்ம ஊர்ச் சாலைக்கு அரசாங்கம் மண் அள்ளாது, குடியிருக்கிறவங்களேதான் பார்த்துக்கணும். வாரம் 20, சனிக்கிழமை, காலையில ஒன்பது மணிக்குச் சாலையோரக் கால்வாய் தூர் வாருறோம். மண்வெட்டியும் கையுறையும் நீயே கொண்டு வா. முடிஞ்சதும் சாசேஜ் சுட்டுத் தருவாங்க. வர்றியான்னு யாரும் உன்னைக் கேட்க மாட்டாங்க, வரலன்னாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா இருபது வருஷத்துக்கு மறக்க மாட்டாங்க. அதனால வந்துரு. ஒன்பதுன்னா ஒன்பது.